கடலோரத்தில் மரப்பலகை ஒட்டி ஏர் ரைஃபிள் கட்டை செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் முதன்முதலில் ஒட்டிச் செய்த ஏர் ரைஃபிள் கட்டை (தோளில் வைத்துப் பிடிக்கும் மரப்பாகம்), ஐப்பசி மழை பிடித்த பத்தாம் நாள் கழுத்தருகே வாய் பிளந்தது. ஒட்டியது பங்குனியில். கோடை முழுக்க ஒரு குறையும் இல்லை. பத்து மீட்டரில் குண்டுகள் ஒரே இடத்தில் விழுந்தன. ஈரக்காற்று வந்ததும் முதலில் குண்டு இடப்பக்கம் நகர்ந்தது, அப்புறம் பசைக்கோடு கறுத்தது, பிறகு நகம் நுழையும் அளவுக்கு விரிந்தது. மரமும் பசையும் நல்லவைதான். மரத்துக்குள் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று பார்க்காமல் ஒட்டினேன், கட்டையின் உட்புறத்துக்கு எதுவும் பூசாமல் விட்டேன். நம் கரையில் இந்த இரண்டும் சேர்ந்தால் எந்தக் கட்டையும் நிற்காது.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே பேசுவது இலக்குத்தாளில் சுடும் 4.5 மி.மீ. ஏர் ரைஃபிளைப் பற்றி மட்டும். உரிமம் தேவைப்படும் துப்பாக்கி என்றால் அதை உரிமம் பெற்ற துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம்தான் கொடுக்க வேண்டும். ஏர் ரைஃபிளிலும் கட்டையைப் பிடித்திருக்கும் திருகுகளைக் கழற்றினால் போதும். குழாய்க்குள் இருக்கும் ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள். அது அழுத்தத்தோடு உட்கார்ந்திருக்கும், வெளியே பாய்ந்தால் கண் போய்விடும்.

சரி, மரம். மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, கரையேற்றிய படகுகளில் மராமத்து வேலை நடக்கும். கழித்துப் போட்ட பலகைகள் அப்போது மலிவாகக் கிடைக்கும். பார்த்தால் ஆசை வரும், நானும் வாங்கியிருக்கிறேன். ஆனால் பல வருஷம் கடலில் கிடந்த பலகையில் உப்பு ஊறியிருக்கும், மீனெண்ணெய் பூசியிருப்பார்கள். எண்ணெய் பசையைப் பிடிக்க விடாது. உப்போ காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். உள்ளே முறிந்து நிற்கும் ஆணி இழைப்புளியின் வாயைக் கெடுக்கும். அந்தப் பலகை பெஞ்சு செய்ய நல்லது, கட்டைக்கு வேண்டாம்.

நம் மாவட்டத்தில் காலெடுத்து வைக்கும் இடமெல்லாம் நிற்கும் சீமைக் கருவேலத்தை யாரும் விறகுக்கும் கரிக்கும் மேலே நினைப்பதில்லை. அதன் வைரப்பகுதி கெட்டியானது, நிறம் அழகு, காய்ந்த பிறகு சுருங்குவதும் வீங்குவதும் குறைவு. அமெரிக்காவில் இதன் உறவு மரமான மெஸ்கீட்டில் துப்பாக்கிக் கட்டை செய்பவர்கள் இருக்கிறார்கள். மரம் கோணலாக வளரும் என்பதுதான் சிக்கல். ஒரே துண்டில் முழுக்கட்டை கிடைப்பது அரிது, ஐந்தாறு மி.மீ. பலகையாக அறுத்து ஒட்டுவதற்கு ஏற்ற மரம். வெளிறிய வெளிப்பகுதியை முழுக்க அறுத்துத் தள்ளிவிடுங்கள், அதில்தான் பூச்சி துளைக்கும். தேக்கு எடுத்தால் அதிலும் இயற்கையான எண்ணெய் உண்டு. ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, அது ஆவியானதும் பசை தடவ வேண்டும். நேற்றே துடைத்து வைத்தால் பயனில்லை, எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும்.

அடுத்தது ஈரம். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருந்தால் மரம் ஏறக்குறைய 12 சதவீத ஈரத்தில் நிலைகொள்ளும். 80 சதவீதமானால் 16 பக்கம் போகும். பசைக்கு 12-ஐத் தாண்டாத மரம் நல்லது. கடலைப் பார்த்த திண்ணையில் எத்தனை மாதம் அடுக்கி வைத்தாலும் அந்த அளவுக்கு இறங்காது. நான் செய்வது இதுதான்: பலகைகளுக்கு நடுவே குச்சி வைத்து ஒரு மர அலமாரிக்குள் அடுக்கி, கீழே பலகையிலிருந்து தள்ளி ஒரு 60 வாட் குண்டு பல்பை எரியவிடுவேன், மேலே காற்றுப்போக ஓட்டை இருக்கும். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் ஒரே பலகையை நிறுத்துப் பார்ப்பேன். இரண்டு வாரம் எடை மாறாமல் நின்றால் மரம் தயார். ஈரமானி வாங்கவில்லை, தராசு என்னை ஏமாற்றியதும் இல்லை. ஒட்டுவதற்குக் கச்சான் (மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று) வீசும் மாதங்களைத் தேர்ந்தெடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அறுப்பது, இழைப்பது செய்யலாம், ஒட்ட வேண்டாம்.

நார் ஓட்டத்தில் பலர் தடுமாறுவது ஒட்டுப்பலகையைப் பார்த்துத்தான். பிளைவுட்டில் ஒரு தாள் நெடுக்காகவும் அடுத்தது குறுக்காகவும் போகும். கட்டைக்கு அப்படிச் செய்தால் பாதி அடுக்கு வலுவில்லாமல் சும்மா இருக்கும். எல்லா அடுக்கும் நீளவாக்கில்தான் ஓட வேண்டும். கை பிடிக்கும் கழுத்துதான் கட்டையிலேயே ஒல்லியான இடம். அங்கே நார் சாய்ந்து வெளியேறினால் ஒருமுறை கீழே விழுந்தாலே முறியும். அடுக்குகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்கட்டும். ஒன்பது அடுக்கு, ஆறு மி.மீ. என்றால் 54 மி.மீ. கனம் வரும். இரட்டைப்படையில் வைத்தால் நடுவில் ஒரு பசைக்கோடு விழும், திருகுத் துளைகள் எல்லாம் அந்தக் கோட்டின் மேலேயே வந்து, இறுக்கும்போது பிளக்கும்.

இனி அழுத்தம். இதைத்தான் அதிகம் பேர் தவறாகச் செய்கிறார்கள். வெள்ளைப் பசை தடவி, மேலே அம்மிக்கல்லை ஏற்றி வைத்தால் போதும் என்று நினைக்கிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 80 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம் என்றால் 1,200 சதுர செ.மீ. கெட்டி மரத்தில் வெள்ளைப் பசைக்குச் சதுர செ.மீ.-க்கு 10 கிலோ என்று குறைத்தே வைத்தாலும் 12 டன் வேண்டும். 30 கிலோ அம்மி அதன் ஓரத்தைக்கூடத் தொடாது. முதலில் கட்டையின் வெளிவடிவத்துக்குச் சற்றுப் பெரிதாக ஒவ்வொரு பலகையையும் வெட்டிக்கொண்டால் பரப்பு பாதியளவாகக் குறையும். இரண்டு பக்கமும் தடித்த, சமமான பலகை வைத்து, ஏழெட்டு செ.மீ.-க்கு ஒரு சி-கிளாம்ப் (திருகி இறுக்கும் பிடி) போடுங்கள். பசை வழுக்கலில் அடுக்குகள் நகரும். பின்னால் வெட்டிப் போகும் மூலைகளில் இரண்டு மூங்கில் ஆணி அடித்தால் நிற்கும்.

இத்தனை கிளாம்ப் வீட்டில் யாரிடம் இருக்கிறது? அதனால் என் தேர்வு எபாக்சி, அதாவது இரண்டு பாகங்களைக் கலந்து தடவும் பசை. அதற்குப் பெரிய அழுத்தம் தேவையில்லை, அதிகம் இறுக்கினால் பசை முழுக்க வெளியே வழிந்து இணைப்பு வறண்டுவிடும். இணைப்பில் நீளமாகச் சீராக மணிமணியாகப் பசை கசிந்தால் இறுக்கம் போதும் என்று அர்த்தம். வெள்ளைப் பசை வருஷக்கணக்கில் அழுத்தம் தாங்கும்போது மெல்ல நகரவும் செய்யும், எபாக்சியில் அது மிகக் குறைவு. ஆனால் நம் வெயிலில் அதற்கு வேறு சிக்கல் உண்டு. வெப்பம் பத்து டிகிரி ஏறினால் வேலை செய்யக் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகும். டம்ளரில் மொத்தமாகக் கலக்கினால் சூடேறிக் கையிலேயே கட்டியாகிவிடும். அகலத் தட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, பனி உலர்ந்த பிறகு, வெயில் ஏறுமுன், நிழலில் தடவுங்கள். ஈரமான நாளில் காய்ந்த எபாக்சியின் மேல் மெழுகு போல ஒரு படலம் வரும். வெந்நீரும் நாரும் கொண்டு தேய்த்துக் கழுவாமல் அதன் மேல் எதைப் பூசினாலும் உரியும். ஒட்டிய கட்டையை ஒரு வாரம் தொடாதீர்கள்.

பிறகு உளி வேலை. வெளியே அழகாகச் செதுக்கிவிட்டு உள்ளே குடைவது தலைகீழ் வரிசை. கட்டை சதுரமாக இருக்கும்போதே குழாய் உட்காரும் பள்ளத்தை முடித்துவிட வேண்டும். எங்கே தட்டுகிறது என்று பார்க்க விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து இரும்பில் தடவி வைத்து எடுங்கள். கறை பட்ட இடத்தை மட்டும் சீவுங்கள். ஸ்பிரிங் துப்பாக்கி ஒவ்வொரு சூட்டிலும் முன்னோக்கியும் பின்னோக்கியும் உதைக்கும், திருகுத் தலை மரத்தை நசுக்கிக்கொண்டே போகும். பித்தளைக் குழாய்த் துண்டைத் துளையில் எபாக்சி வைத்துப் பொருத்தினால் அந்தத் தொல்லை தீரும்.

உப்புத்தாள் போடும்போது முகமூடி கட்டாயம். இந்த மரத்தூள் நெஞ்சுக்கு ஆகாது.

பூச்சுக்கு ஆளிவிதை எண்ணெய் மட்டும் போதாது. அது பளபளப்பு தரும், நீராவியைத் தடுக்காது. பாலியுரித்தேன் வார்னிஷை மூன்று தடவை, முக்கியமாகக் குழாய்ப் பள்ளம், திருகுத் துளை, பின்புற ரப்பர் பட்டைக்கு அடியில் இருக்கும் வெட்டுமுகம் (நார் குறுக்கே அறுபட்ட முனை) எல்லாவற்றிலும் பூசுங்கள். வெட்டுமுகம்தான் தண்ணீர் குடிக்கும் வாய். வெளியே மட்டும் பூசினால் ஒரு பக்கம் வீங்கி, மறுபக்கம் நின்று, கட்டை முறுக்கிக்கொள்ளும்.

திருகுகளைத் துருப்பிடிக்காத எஃகில் போடுங்கள். 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்துக்கு ஓயாமல் பெயிண்ட் அடித்துக்கொண்டே இருந்ததைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டாம். முதல் மழை விட்ட வாரம் திருகுகளைத் திரும்ப இறுக்கி, பத்து மீட்டரில் ஐந்து குண்டு சுட்டு, கோடையில் சுட்டு எடுத்து வைத்த தாளோடு வைத்துப் பாருங்கள்.