குறைந்த தண்ணீரில் இனிப்பு இறுங்கு: கால் ஏக்கருக்கான செய்முறை

விதை வாங்கும்போது "சோளம்" என்று கேட்டால் சோளன் (மக்காச்சோளம்) விதைதான் கிடைக்கும். தண்டைப் பிழிந்து இனிப்புச் சாறு எடுக்கும் பயிர் வேண்டுமானால் "இனிப்பு இறுங்கு" என்றே கேளுங்கள். கால் ஏக்கருக்கு 1 கிலோ போதும்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை மேட்டுநிலங்களில் மாரி மழை ஓய்ந்ததும், தை கடைசியில் விதைப்பது நல்லது. வைகாசி முடிய வெட்டிவிடலாம், கச்சான் காற்று உக்கிரமாகும் காலத்துக்குப் பயிர் நிற்காது. ஒரு சாண் ஆழத்து மண்ணைப் பிடித்துப் பாருங்கள். உருண்டையாக நின்றால் விதைக்கலாம். வரிசைக்கு வரிசை 60 சென்ரிமீற்றர், குழிக்குக் குழி 15, ஆழம் 3. குழிக்கு இரண்டு மூன்று விதை. 15ஆம் நாள் ஒன்றை விட்டு மற்றதைப் பிடுங்குங்கள். இரக்கப்பட்டு எல்லாவற்றையும் விட்டால் தண்டு குச்சியாகிவிடும். நடுக்குருத்து காய்ந்து இழுத்தால் கையோடு வரும் கன்று குருத்து ஈ விழுந்தது, அதையும் பிடுங்குங்கள்.

அடிக்கட்டுப் பசளை: யூரியா 9 கிலோ, டிஎஸ்பி (பொஸ்பரஸ் பசளை) 9, எம்ஓபி (பொட்டாசியப் பசளை) 7. 30ஆம் நாள் இன்னும் 9 கிலோ யூரியா போட்டு மண் அணையுங்கள். அப்போது வரிசைகளுக்கிடையே விழும் சாலிலேயே தண்ணீர் பாயும்.

இனித் தண்ணீர். முதல் மாதத்தில் இலை சற்று வாடினாலும் பயப்பட வேண்டாம். வேர் ஈரத்தைத் தேடி ஆழம் போகும். தண்டின் வெள்ளை மெழுகுப்பூச்சு ஆவியாவதைக் குறைக்கும். கடும் வறட்சியில் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, நனைந்ததும் மீண்டும் தொடங்கும். கதிர் உள்ளே உருவாகும் 30–35ஆம் நாளும், கதிர் வெளிவராமல் இலையுறைக்குள் பொதிந்திருக்கும் பொதிப்பருவமான 55ஆம் நாளும், பூக்கும் 70ஆம் நாளும் மட்டும் தவறக்கூடாது. மழை இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் 50,000 லீற்றர் பாய்ச்சுங்கள். கிணறு மூன்று தடவை தாங்காதென்றால் பொதிப்பருவத் தண்ணீரை மட்டும் தவறவிடவே வேண்டாம். அப்போது காய்ந்தால் கதிர் பொதிக்குள்ளேயே சிக்கிவிடும். நடுப்பகலில் சுருண்ட இலை மாலையில் விரிந்தால் பொறுக்கலாம். காலையிலும் சுருண்டிருந்தால் அன்றே பாய்ச்சுங்கள்.

மணி பால்பிடித்தபின் தண்ணீரை நிறுத்துங்கள், சாறு இனிக்கும். மணியின் அடியில் கறுப்புப் புள்ளி விழுந்து, சாற்றின் இனிப்பை அளக்கும் பிரிக்ஸ் மானி 16ஐத் தாண்டினால் வெட்டலாம். இலை உரித்து அன்றைக்கே பிழியுங்கள். வைத்திருந்தால் சாறு புளிக்கும்.

மாடு, ஆடு உள்ளவர்கள் கவனம்: இடுப்புயரம் வராத பயிரிலும், வறட்சியில் வாடியதிலும், வெட்டிய கட்டையில் துளிர்த்த குருத்திலும் சயனைட் நஞ்சு இருக்கும். வேலியை இறுக்கிக் கட்டுங்கள்.