கெயின் திருகும் என் கரகர ஸ்பீக்கரும்

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவுக்குள் நான் காரில் நுழைந்தால், பாட்டுக்கு முன்னால் ஸ்பீக்கரின் கரகரப்புதான் வீட்டுக்கு வரும். ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்றே நினைத்தேன். ஒலியைப் பெருக்கும் ஆம்பின் கெயினை, அதாவது ஸ்டீரியோவின் சிக்னலுக்கு ஏற்ப ஆம்பைப் பொருத்தும் திருகை, வால்யூம் என்று எண்ணி முக்கால்வாசி திருகி வைத்திருந்தவன் நான்தான். ஸ்பீக்கர் 75 வாட் ஆர்எம்எஸ் (அது தொடர்ந்து தாங்கும் அளவு), 4 ஓம் (பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் 'மேக்ஸ்' வாட் வெறும் ஜம்பம்). இரண்டையும் பெருக்கினால் 300, அதன் வர்க்கமூலம் சுமார் 17.3 வோல்ட்; ஆம்ப் அதற்கு மேல் அனுப்பக் கூடாது. சரி என்று ஸ்பீக்கர் வயரைக் கழற்றி, பேஸ் பூஸ்டை அணைத்து, ஸ்டீரியோவை முக்கால் ஒலியில் வைத்து 1000 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் ஆம்பின் ஸ்பீக்கர் முனைகளில் பிடித்துக்கொண்டு கெயினை அடியிலிருந்து துளித்துளியாக ஏற்றினேன். 17 காட்டியபோது திருகு கால்வாசிகூட நகரவில்லை! அப்புறம் வயரை மாட்டித் தவில் போட்டேன், ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழுந்தது.