ராகியும் கால்சியம் பம்பும்: சறுக்கும் இடங்கள்

தர்மபுரிப் பக்கம் தாவரவியல் படிக்கிற பிள்ளைகள் புராஜெக்ட் என்றால் ராகியைப் பிடிப்பது இயல்பு. வீட்டில் களி, 100 கிராமில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம், வேறென்ன வேண்டும்? உடனே ‘கால்சியம் அதிகம், அதனால் கால்சியம் பம்ப் மரபணுக்களும் அதிகம்’ என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுகிறார்கள்.

பம்ப் என்றதும் கிணற்று மோட்டார்தான் ஞாபகத்துக்கு வருகிறது. ஆனால் வேரிலிருந்து கால்சியத்தை மேலே கொண்டுபோவது பெரும்பாலும் சைலம் என்ற நீர்க்குழாய்த் திசுவின் நீரோட்டம். பம்பின் வேலை ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நடப்பது. சைட்டோசாலில், அதாவது செல்லுக்குள் இருக்கும் திரவத்தில், கால்சியம் 100 நானோமோலார் என்ற மிகச் சிறிய அளவில்தான் இருக்க வேண்டும். கூடினால் பாஸ்பேட்டோடு சேர்ந்து படிந்துவிடும். செல்லுக்கு வெளியேயும், செல்லின் சேமிப்புப் பையான வேக்குவோலிலும் அதைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு. சவ்வில் சேனல் என்ற வாயில் திறந்தால் கால்சியம் தானாகவே சைட்டோசாலுக்குள் பாயும். மழைநீர் புகுந்த வீட்டில் வாளியால் இறைத்து ஊற்றுகிற மாதிரி, செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யைச் செலவழித்து அதை வெளியேற்றும் சவ்வுப் புரதம்தான் பம்ப். சிஏஎக்ஸ் (CAX) புரதங்களையும் இதே பட்டியலில் சேர்ப்பவர்கள் உண்டு. அவை ஏ.டி.பி.யைத் தொடுவதில்லை; புரோட்டானை விட்டுக் கால்சியத்தை மாற்றிக்கொள்பவை. குடும்பமே வேறு.

அப்புறம் எண்ணிக்கை. ஆய்வகங்களின் மாதிரிச் செடியான அரபிடாப்சிஸில் கால்சியம் பம்ப் மரபணுக்கள் இரண்டு வகை: ஈசிஏ (ECA) வகை 4, ஏசிஏ (ACA) வகை 10. ஏசிஏ பெயர்கள் 13 வரை போவதைப் பார்த்து 13 என்று எழுதுகிறார்கள். 3, 5, 6 அந்தப் பட்டியலில் இல்லை. ராகியில் குழப்பம் இன்னும் கூடும். அது நான்மடியம், அதாவது நான்கு தொகுதி குரோமோசோம்கள் கொண்டது; இரண்டு மூதாதை மரபுத்தொகுதிகள் சேர்ந்து வந்தது. ஒரே மரபணுவின் இரட்டைப் பிரதிகளைத் தனித்தனி உறுப்பினராக எண்ணினால் குடும்பம் சும்மா வீங்கிவிடும். டிகேடிஜிடி (DKTGT) என்ற அமினோ அமில வரிசை கிடைத்தாலே கால்சியம் பம்ப் என்பதும் அவசரம். புரோட்டான் பம்பிலும் கன உலோகப் பம்பிலும் அதேதான் இருக்கிறது.

ஏசிஏ பம்பைப் பூட்டி வைக்கும் தடுப்புப் பகுதியைப் புரதத்தின் கடைசியில் தேடுவதும் வாடிக்கை. விலங்குகளின் செல்சவ்வுப் பம்பில்தான் அது அங்கே. தாவரத்தில் முன்முனையில் இருக்கிறது. கால்சியத்தை உணரும் கால்மோடுலின் என்ற புரதம் வந்து ஒட்டினால் பூட்டு திறக்கும்.

ஒரு மரபணுவை முடக்கியும் செடி நன்றாக இருந்தால் ‘பயனற்றது’ என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். அரபிடாப்சிஸின் ஏசிஏ4, ஏசிஏ11 இரண்டும் வேக்குவோல் சவ்வில் இருப்பவை. ஒன்று போனால் மற்றது சமாளித்துக்கொள்கிறது. இரண்டையும் முடக்கியபோதுதான் இலையில் செல்கள் செத்துப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன.