பொறியியல் கலந்தாய்வு: விருப்பப் பட்டியலைப் பிழையில்லாமல் தயாரிப்பது எப்படி?

என் அக்காள் மகனுக்கும், இரண்டு ஆண்டுகள் கழித்து அவன் தங்கைக்கும், தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வில் உடனிருந்து உதவினேன். முதல் முறை, சேர விரும்பும் கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் வரிசையாகக் கொடுக்கும் விருப்பப் பட்டியலில் நான் செய்த ஒரு பிழையால், அவனுடைய தரவரிசைக்குக் கிடைத்திருக்க வேண்டிய பாடப்பிரிவு கிடைக்காமல் போயிற்று. அந்தப் பிழையை இன்றும் பல குடும்பங்கள் செய்வதைப் பார்க்கிறேன் என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். இணையத்தில் பதிவு செய்வது, கட்டணம் செலுத்துவது போன்றவற்றை விண்ணப்பப் பக்கமே தெளிவாகச் சொல்லிவிடும்; அவற்றை இங்கே தொட்டுவிட்டு மட்டும் போகிறேன்.

முதல் படி: சான்றிதழ்களை முன்கூட்டியே திரட்டுவது

பிளஸ் டூ தேர்வு முடிந்த வாரமே இதைத் தொடங்கிவிடுங்கள். சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், தேவைப்படுவோருக்கு வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தாலும், அவை கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று கைமாறித்தான் வரும். முடிவுகள் வெளியான பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் விண்ணப்பிப்பதால் தாமதம் கூடும். முதல் பட்டதாரிச் சலுகையை ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைதான் பெற முடியும் என்பதையும், சான்றிதழோடு கூட்டு உறுதிமொழிப் படிவமும் வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். மாணவரின் பெயரும் தலைப்பெழுத்தும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ளபடியே எல்லா இடங்களிலும் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவு, பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 500 ரூபாய். பட்டியல் இனத்தவர், அருந்ததியர், பழங்குடியினருக்கு 250 ரூபாய். பதிவின்போது வீட்டில் எப்போதும் பயன்பாட்டில் இருக்கும் கைபேசி எண்ணையே கொடுங்கள். பிரவுசிங் சென்டரில் பதிவு செய்தால், அங்குள்ளவர் தம் எண்ணையும் மின்னஞ்சலையும் போட்டுவிடாதபடி கவனியுங்கள். கடவுச்சொல் மாணவரிடமும் பெற்றோரிடமும் மட்டுமே இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: கட்-ஆஃப், தரவரிசை

கட்-ஆஃப் என்பது பிளஸ் டூ மதிப்பெண்களிலிருந்து கணக்கிடும் சேர்க்கை மதிப்பெண். மொத்தம் 200. கணிதம் 100க்கு அப்படியே. இயற்பியலும் வேதியியலும் 50, 50 ஆகக் குறைக்கப்படும். கணிதத்தில் 92, இயற்பியலில் 85, வேதியியலில் 88 என்றால் 92 + 42.5 + 44 = 178.5. இதற்கு மேல் கணக்கு ஏதுமில்லை.

ஆனால் இந்த எண்ணை வைத்துக்கொண்டு சென்ற ஆண்டுக் கட்-ஆஃப் பட்டியலோடு நேராக ஒப்பிடுவதில் சிக்கல் இருக்கிறது. ஓர் ஆண்டு கணித வினாத்தாள் எளிதாக இருந்தால் மதிப்பெண்கள் மொத்தமாக மேலேறிவிடும், அதே 178.5 சென்ற ஆண்டைவிடச் சில ஆயிரம் இடங்கள் பின்னால் போய் நிற்கும். ஆகவே தரவரிசைப் பட்டியல் வெளியானதும் மதிப்பெண்ணை ஓரமாக வைத்துவிட்டு, தரவரிசை எண்ணையே பிடித்துக்கொள்ளுங்கள். கடந்த ஆண்டுகளில் எந்தக் கல்லூரியில், எந்தப் பாடப்பிரிவில், எந்த இனப் பிரிவில், எந்தத் தரவரிசை வரை இடம் கிடைத்தது என்பதை ஒதுக்கீட்டுப் பட்டியல்களிலிருந்து எடுத்து, குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு எழுதிக்கொள்ளுங்கள்.

இதற்கு நான் எக்செல்லைத்தான் பரிந்துரைப்பேன். "உங்கள் கட்-ஆஃபுக்கு எந்தக் கல்லூரி?" என்று கேட்கும் கைபேசிச் செயலிகள் பலவற்றில் விவரம் எந்த ஆண்டுக்கு உரியது என்பதே தெரிவதில்லை. பணம் வாங்கிக்கொண்டு பட்டியல் போட்டுத் தரும் ஆலோசகர்களும் தேவையில்லை. பொதுவெளியில் இலவசமாகக் கிடைக்கும் விவரத்துக்கு ஏழைக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் கொடுப்பதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை.

மூன்றாம் படி: கல்லூரிகளைத் தெரிந்துகொள்வது

விளம்பரத் தட்டிகளில் உள்ள வேலைவாய்ப்பு எண்ணிக்கையை நம்பி முடிவெடுக்காதீர்கள். அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் பருவத் தேர்வுத் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது, அதைப் பாருங்கள். ஆனால் தன்னாட்சிக் கல்லூரிகள் தாமே வினாத்தாள் தயாரித்துத் தேர்வு நடத்துவதால் அவற்றை இந்த அளவுகோலால் அளக்க முடியாது. முடிந்தால் ஒரு வேலை நாளில் கல்லூரிக்கே போய், வாசலில் பேருந்துக்குக் காத்திருக்கும் இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம் பேசிப் பாருங்கள். ஆய்வகம் நடக்கிறதா, ஆசிரியர்கள் ஆண்டு நடுவே மாறிக்கொண்டே இருக்கிறார்களா என்ற இரண்டு கேள்விகள் போதும்.

நான்காம் படி: பட்டியலை வரிசைப்படுத்துவது

நான் தடுக்கி விழுந்தது இங்கேதான்.

2018க்கு முன் கலந்தாய்வு நேரில் நடந்தது. சென்னைக்குப் போய், திரையில் காலியிடங்களைப் பார்த்து, நம் முறை வரும்போது இருப்பதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு வருவோம். அப்படிப் போய் வந்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். 2018இல் அது இணையவழிக்கு மாறியது. 2019 முதல் அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் பதிலாகத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. இப்போது காலியிடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது இல்லை. முன்கூட்டியே பட்டியல் கொடுத்துவிட வேண்டும். இந்த மாற்றத்தின் பொருள் எனக்கு அப்போது முழுதாக விளங்கவில்லை. "கிடைக்காத கல்லூரியை மேலே போட்டால் அந்த இடம் வீணாகிவிடும், கிடைப்பதும் கைவிட்டுப் போய்விடும்" என்று நினைத்து, அக்காள் மகனின் பட்டியலில் நிச்சயம் கிடைக்கும் என்று தோன்றியவற்றை மேலேயும், ஐயமானவற்றைக் கீழேயும் வைத்தேன்.

முதல் விருப்பமே ஒதுக்கப்பட்டது என்று செய்தி வந்தது. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. சில நாட்களில் அந்தச் சுற்றின் ஒதுக்கீட்டுப் பட்டியல் வெளியானது. அவன் அதைத் திறந்து, ஒரு வரியில் விரலை வைத்து, "மாமா, இது என் பட்டியலில் ஒன்பதாவதாக இருந்ததே" என்றான். அவனைவிட நானூறு இடங்கள் பின்னால் இருந்த, அதே இனப் பிரிவைச் சேர்ந்த ஒரு மாணவருக்கு, அவன் உண்மையில் விரும்பிய அந்தக் கல்லூரியும் பாடப்பிரிவும் கிடைத்திருந்தன.

ஒதுக்கீடு நடக்கும் முறை இதுதான். தரவரிசைப்படி ஒவ்வொரு மாணவரின் முறை வரும்போதும் கணினி அவருடைய பட்டியலை மேலிருந்து கீழாகப் படிக்கிறது. முதல் விருப்பத்தில் அவருக்கு உரிய பொதுப் பிரிவு இடமோ இனப் பிரிவு இடமோ இருந்தால் அதைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறது. இல்லையென்றால் இரண்டாவதுக்குப் போகிறது. கிடைக்காத பத்துக் கல்லூரிகளை மேலே வைத்திருந்தாலும், பதினோராவதற்கு வரும்போது அந்த மாணவரின் தரவரிசை அப்படியேதான் இருக்கும். அவருக்குப் பின்னால் இருப்பவர் யாரும் அதற்குள் முந்திவிட முடியாது. ஆகவே எது கிடைக்கும் என்ற கணக்கு பட்டியலின் வரிசையைத் தீர்மானிக்கவே கூடாது. அந்தக் கணக்கு, பட்டியலை எவ்வளவு ஆழத்துக்கு நீட்ட வேண்டும் என்பதற்கு மட்டும்தான் உதவ வேண்டும். வரிசை என்பது முழுக்க முழுக்க விருப்பத்தின் வரிசை.

அவன் தங்கையின் முறை வந்தபோது கணினியை மூடி வைத்துவிட்டுக் காகிதத்தை எடுத்தோம். ஒரு துண்டுச் சீட்டுக்கு ஒரு விருப்பம் என்று, கல்லூரிக் குறியீட்டெண், கல்லூரிப் பெயர், பாடப்பிரிவு, சென்ற ஆண்டு கடைசித் தரவரிசை ஆகியவற்றை எழுதினோம்; ஐம்பத்து மூன்று சீட்டுகள் வந்தன. அவற்றைக் கூடத்துத் தரையில் பரப்பி, இரண்டிரண்டாக எடுத்து, "இந்த இரண்டு சீட்டும் ஒரே நேரத்தில் உன் கைக்கு வந்தால் எதை வைத்துக்கொள்வாய்?" என்று மட்டும் கேட்டேன். நல்ல கல்லூரியில் பிடிக்காத பாடமா, நடுத்தரக் கல்லூரியில் பிடித்த பாடமா என்று வாரக்கணக்கில் தீராத விவாதம், இந்த ஒரு கேள்வியில் ஒரு மாலைப் பொழுதுக்குள் தீர்ந்துவிட்டது. எந்தச் சீட்டையாவது பார்த்து "இது கிடைத்தால் சேர மாட்டேன்" என்று அவள் சொன்னால் அதை அப்போதே எடுத்துவிட்டோம். சேர விரும்பாத கல்லூரி பட்டியலில் இருக்கக் கூடாது. இறுதியில் நாற்பத்தொரு சீட்டுகள் நின்றன. கடைசிப் பத்தும், அவளுடைய தரவரிசைக்குக் கடந்த இரண்டு ஆண்டுகளிலும் எளிதாகக் கிடைத்திருக்கக் கூடியவை.

ஐந்தாம் படி: இணையத்தில் பதிவிடுவது

இதைக் கைபேசியில் செய்ய வேண்டாம். பெரிய திரை வேண்டும். கல்லூரியின் பெயரை நம்பாமல் குறியீட்டெண்ணை வைத்துச் சேருங்கள். ஒரே மாதிரிப் பெயருள்ள கல்லூரிகள் பல உண்டு. எண்களும் நெருங்கியே இருக்கும். 2005 கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி, 2006 பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி, 2007 கோயம்புத்தூர் தொழில்நுட்பக் கல்லூரி. ஓர் இலக்கம் தவறினால் வேறு கல்லூரி. ஒரே கல்லூரியில் ஒரே பாடம் இரண்டு முறை தென்பட்டால், ஒன்றன் பெயருக்குப் பின்னால் எஸ்.எஸ். என்று இருக்கிறதா பாருங்கள். அது சுயநிதிப் பிரிவு, கட்டணம் கூடுதல். இரண்டையும் சேர்க்கலாம், ஆனால் தெரிந்து சேர்க்க வேண்டும். ஒருவர் சீட்டைப் படிக்க, மற்றவர் திரையைப் பார்த்துச் சரிபார்த்தால் பிழை வராது. நேரம் முடியும் வரை வரிசையை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம் என்றாலும், கடைசி நாள் மாலைக்கு எதையும் மிச்சம் வைக்காதீர்கள்.

ஆறாம் படி: ஒதுக்கீடு வந்த பிறகு

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் குறித்த நேரத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். பேசாமல் இருந்தால் இடம் போய்விடும். நாற்பது விருப்பங்களில் பன்னிரண்டாவது கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். ஏற்றுச் சேர்கிறேன் என்றால் அதோடு முடிந்தது. ஏற்றுக்கொண்டு மேல்நோக்கிக் காத்திருக்கிறேன் என்றால், பன்னிரண்டாவது இடம் உங்களுக்காக இருக்கும். மற்றவர்கள் விட்டுச் சென்றதால் ஒன்று முதல் பதினொன்று வரையுள்ளவற்றில் ஏதேனும் காலியானால் உங்களுக்கு வரும். மறுத்துவிட்டு மேல்நோக்கிக் காத்திருக்கிறேன் என்பது பெயரில் இதைப் போலவே இருந்தாலும் பன்னிரண்டாவதைக் கைவிடுவதாகும். இந்த இரண்டு வரிகளும் திரையில் அடுத்தடுத்து இருக்கும். அவசரத்தில் மாற்றி அழுத்திவிடாதீர்கள். முதல் விருப்பமே கிடைத்தவருக்கு மேல்நோக்கி நகர ஏதுமில்லை. என் அக்காள் மகனுக்கு வழி அடைபட்டது இதனால்தான்.

பின்னர் சேர்த்தவை

மேல்நோக்கி நகர்ந்து புதிய இடம் கிடைத்த பிறகு பழைய இடமே பரவாயில்லை என்று திரும்ப முடியுமா என்று சிலர் கேட்டார்கள். முடியாது, பழைய இடம் அந்த நொடியே வேறொருவருக்குப் போய்விடும். சீட்டுகளை இரண்டிரண்டாக ஒப்பிடச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் தனித் தரவரிசை உண்டு; அதில் இடம் பெறுவோரின் படிப்புக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. இதை எழுதாமல் விட்டதை ஓர் ஆசிரியை சுட்டிக்காட்டினார். பதிவின்போது பள்ளி விவரங்களை ஆறாம் வகுப்பிலிருந்து ஆண்டு வாரியாகச் சரியாகக் கொடுத்தால்தான் இந்த உரிமை கணக்கில் வரும். நடுவே பள்ளி மாறியிருந்தால் அந்தந்தப் பள்ளியில் படித்ததற்கான சான்றையும் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரியில் சேரும் நாளில் அசல் சான்றிதழ்களை ஒப்படைக்க நேரும். அதற்கு முன் ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்து வைத்து, ஐந்தாறு நகல்களும் எடுத்துக்கொள்ளுங்கள். கல்வி உதவித்தொகைக்கும் வங்கிக் கல்விக் கடனுக்கும் அடுத்த சில வாரங்களிலேயே அவை தேவைப்படும்.