நியூயார்க் – லாஸ் ஏஞ்சல்ஸ்: டிக்கெட் போடும் முன் இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் போன மாதம் சொன்னார்: "அண்ணே, லாஸ் ஏஞ்சல்ஸ் மூணேகால் மணி நேரம்தான். காலைல 8 மணிக்கு ஏறினா 11:15க்கு இறங்கிடலாம்." பழைய காயத்தில் விரலை வைத்த மாதிரி இருந்தது. பெட்டி எடை, அடையாள அட்டை எல்லாம் ஒருமுறை பட்டால் தானாகத் தெரிந்துவிடும். இந்த நேரக் கணக்கு அப்படி இல்லை.

டிக்கெட் நேரத்தைக் கூட்டிக் கழிப்பது

புறப்படும் நேரம் புறப்படும் ஊர்க் கணக்கு, சேரும் நேரம் சேரும் ஊர்க் கணக்கு. லாஸ் ஏஞ்சல்ஸ் நியூயார்க்குக்கு 3 மணி நேரம் பின்னால். தம்பியின் மூணேகாலோடு அதையும் சேர்த்தால் ஆறேகால் மணி நேரப் பயணம். சரி, மேற்கே போகும்போது ஏமாந்தால் பசியோடு இறங்குவீர்கள், அவ்வளவுதான். கிழக்கே வரும்போதுதான் பணம் போகும்.

எனக்குப் போனது. லாஸ் ஏஞ்சல்ஸில் பகல் 12 மணி விமானம். பயண நேரம் 5 மணி 20 நிமிடம் என்று இணையத்தில் பார்த்து, 5:20க்கு நியூயார்க் என்று மனதிலேயே கூட்டிக்கொண்டேன். அங்கிருந்து பாஸ்டனுக்கு இரவு 7:45க்குத் தனியாக ஒரு டிக்கெட் எடுத்தேன். கையில் இரண்டரை மணி நேரம் இருக்கிறது என்ற தெனாவட்டு வேறு! முதல் டிக்கெட்டில் சேரும் நேரம் 8:20 என்று கொட்டை எழுத்தில் இருந்ததை நான் பார்க்கவே இல்லை. முன்சீட்டின் பின்னால் இருந்த திரையில் 'சேருமிட நேரம் 7:45' என்று வந்தபோது, குட்டி விமானப் படம் பென்சில்வேனியா மேல் ஊர்ந்துகொண்டிருந்தது.

விமானம் ஒரு நிமிடம்கூடத் தாமதமில்லை. யாரிடம் போய்ச் சண்டை போடுவது? பாஸ்டன் டிக்கெட் காசு போச்சு, ராத்திரி ஹோட்டல், மறுநாள் காலைக்குப் புது டிக்கெட். இரண்டையும் ஒரே முன்பதிவில் எடுத்திருந்தால் அப்படியொரு இணைப்பை எனக்கு விற்றிருக்கவே மாட்டார்கள். சில டாலர் மிச்சம் பிடிக்கப் போய் வந்த வினை. இப்போதும் நினைத்தால் எரியும்.

போக, வர ஒரே நேரம் என்று நினைப்பது

தூரம் ஒன்றுதான், சுமார் 2,475 மைல். ஆனால் மேலே ஜெட் ஸ்ட்ரீம் என்ற வேகக் காற்று மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கிறது. நியூயார்க் வரும்போது அது பின்னாலிருந்து தள்ளும், போகும்போது முகத்தில் அடிக்கும். குளிர்காலத்தில் இன்னும் பலமாக இருக்கும். ஒரு மணி நேர வித்தியாசம் சாதாரணம்.

'நியூயார்க்' என்று மட்டும் தேடுவது

ஜான் எஃப் கென்னடி, லகார்டியா, நியூவார்க் என்ற மூன்று விமான நிலையங்களும் அதில் வரும். நியூவார்க் இருப்பது பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியில். ஒன்றில் இறங்கி இன்னொன்றில் ஏற வேண்டுமென்றால், நெரிசல் நேரத்தில் காரிலேயே இரண்டு மணி நேரம் போய்விடும். லகார்டியாவில் 1,500 மைல் வரம்பு என்றொரு விதி உண்டு. அதனால் சனிக்கிழமை தவிர அங்கிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்கு நேரடி விமானம் கிடைக்காது.

வான்வழி மைலை நம்பிக் காரை எடுப்பது

சாலையில் சுமார் 2,800 மைல். வேண்டாம்.

பீனிக்ஸில் விமானம் மாறும்போது மனக்கணக்கு போடுவது

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்கள் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் திருப்பும்; பீனிக்ஸ் இருக்கும் அரிசோனாவின் பெரும்பகுதி திருப்பாது. டிக்கெட்டைப் பாருங்கள்.