கெஸ்ட்டுக்கு ‘வாசிக்க மட்டும்’ ஃபோல்டர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் பேராக்கின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்ட அலுவலகங்களில் இப்போது ஒரே பழைய சர்வரில் (ஹோஸ்ட்) மூன்று நான்கு கெஸ்ட்டுகளை, அதாவது உள்ளே தனித்தனியாக ஓடும் மெய்நிகர் கணினிகளையோ கன்டெய்னர்களையோ, ஓட்டுவது சாதாரணமாகிவிட்டது. சம்பளக் கணக்கு ஒன்றில், எடைப்பாலப் பதிவு ஒன்றில், அறிக்கைகள் இன்னொன்றில். பழைய செக்ரோல் (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவேடு) ஸ்கேன்கள், ஈபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) பாரங்கள் எல்லாம் ஹோஸ்ட்டில் ஒரே ஃபோல்டரில் கிடக்கும். கெஸ்ட்டுகள் அதைப் பார்த்தால் போதும், தொடக்கூடாது.

டிப்ளோமா முடித்துவிட்டு வரும் பிள்ளைகள் இதை அமைக்கும்போது, நாங்கள் அந்தக் காலத்தில் அடித்த அதே கூத்தை வரிசை மாறாமல் அடிக்கிறார்கள். பாதையில் எழுத்துப் பிழை, மவுண்ட் செய்யும் (ஃபோல்டரைப் பொருத்தும்) இடத்தை உருவாக்க மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை அப்போதே எரர் காட்டிவிடும். சத்தமே போடாத தவறுகள்தான் ஆளைக் கவிழ்க்கும்.

ஆர்ஓவை (‘வாசிக்க மட்டும்’ என்ற குறி) கெஸ்ட்டுக்குள் எழுதுவது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது.

ஒரு செம்பனை ஆலை அலுவலகம். கேவிஎம் கெஸ்ட்டுக்கு (மெய்நிகர் கணினி) 9பி என்ற கோப்புப் பகிர்வு முறை வழியாக ஸ்கேன் ஃபோல்டரைக் கொடுத்திருந்தார் அங்கிருந்த தம்பி. ‘ஆர்ஓ’ என்ற சொல்லை எழுதியது கெஸ்ட்டின் எஃப்எஸ்டேப் (மவுண்ட்டுகளின் பட்டியல்) கோப்பில். ஹோஸ்ட் பக்கம் எதுவும் இல்லை. கெஸ்ட்டிலிருந்து ஒரு கோப்பை உருவாக்கிப் பார்த்தார், ‘ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்’ என்று வந்தது. திருப்தி. முன்னதாக, கெஸ்ட்டால் ஃபோல்டரைப் படிக்க முடியவில்லை என்று ஹோஸ்ட்டில் 777 (எல்லாருக்கும் எல்லா அனுமதியும்) வேறு கொடுத்து வைத்திருந்தார்.

சில மாதம் கழித்து, அறிக்கை மென்பொருள் போட ஒரு டெக்னீஷியன் வந்தார். அவருடைய நிரல் அந்த ஃபோல்டரில் லாக் எழுதப் பார்த்தது, முடியவில்லை. கெஸ்ட்டில் அவர் ரூட், முழு அதிகாரமுள்ள பயனர். ஒரே வரியில் அதை எழுதும்படி ரீமவுண்ட் (மறுபடி மவுண்ட்) செய்து, வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டார். அந்த மென்பொருளுக்கு 90 நாளுக்கு மேற்பட்ட கோப்புகளைத் துடைக்கும் பழக்கம் உண்டு. பழைய செக்ரோலில் எது 90 நாளுக்கு உட்பட்டது? தோட்டம் கைமாறும்போது தன் வேலைக்காலத்தை நிரூபிக்க ஒரு தொழிலாளி தேடி வரும் காகிதங்கள் அவை.

“அண்ணே, ஆர்ஓ போட்டுத்தான் வெச்சிருந்தேன்” என்றார் தம்பி. போட்டிருந்தார்தான். எல்லாரும் டெக்னீஷியனைத் திட்டினார்கள். எனக்கு அவர் மேல் அவ்வளவு கோபமில்லை. பூட்டைப் போட்டுவிட்டு, சாவியை உள்ளே இருப்பவன் கையிலேயே கொடுத்திருந்தால் அவன் திறக்காமல் என்ன செய்வான்? கெஸ்ட்டில் எழுதும் ஆர்ஓ, கெஸ்ட்டின் கெர்னல் (இயங்குதளத்தின் மையம்) தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் கட்டுப்பாடு. அங்கே ரூட்டாக இருக்கும் எவரும் அதைத் தளர்த்தலாம். ஹோஸ்ட்டுக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

தடை ஹோஸ்ட்டில் இருக்க வேண்டும். கெஸ்ட்டுகளை நிர்வகிக்கும் லிப்விர்ட்டில் 9பி என்றால், அந்த ஃபைல்சிஸ்டம் பகுதிக்குள் ‘ரீட்ஒன்லி’ என்ற டேக்கைச் சேர்த்தால் கெஸ்ட்டை ஓட்டும் கெமுவே எழுத்தை மறுத்துவிடும். 9பிக்குப் பதில் விர்ட்டியோ-எஃப்எஸ் என்றால் பழைய பதிப்புகளை இந்த விஷயத்தில் நம்ப வேண்டாம். ஹோஸ்ட்டிலேயே ஃபோல்டரை வேறோர் இடத்தில் பைண்ட் செய்து (அதே ஃபோல்டரை அங்கேயும் தெரியவைத்து), அதை ஆர்ஓ ஆக்கி, அந்த இடத்தை கெஸ்ட்டுக்குக் கொடுங்கள். பிராக்ஸ்மாக்ஸ் என்ற மெய்நிகர் தளத்தில் எல்எக்ஸ்சி கன்டெய்னர் (ஹோஸ்ட்டின் கெர்னலையே பகிரும் கெஸ்ட்) என்றால் மவுண்ட் பாயிண்ட் வரியில் ஆர்ஓவுக்கு 1 கொடுத்தால் போதும். அன்பிரிவிலேஜ்டு கன்டெய்னராக (உள்ளே ரூட் ஆனாலும் ஹோஸ்ட்டில் சாதாரணப் பயனர்) இருந்தால் இன்னும் நல்லது: வெளியிலிருந்து வந்த ஆர்ஓ கொடியை உள்ளே இருக்கும் ரூட் கழற்றக் கெர்னலே விடாது.

அப்புறம், சோதிக்கும் முறை. சாதாரணப் பயனராக எழுதிப் பார்ப்பது சோதனையே இல்லை. கெஸ்ட்டில் ரூட்டாக நுழைந்து, எழுதும்படி ரீமவுண்ட் செய்து, அதன் பிறகு எழுதிப் பாருங்கள். ரீமவுண்ட் வெற்றி என்று காட்டினாலும் பரவாயில்லை, எழுத்து தோற்க வேண்டும்.

ரீமவுண்டில் ‘பைண்ட்’ என்ற சொல்லை விடுவது

வாசிக்க மட்டுமான பைண்ட் மவுண்ட் 2008இல், 2.6.26 கெர்னலோடு லினக்ஸுக்கு வந்தது. ஆனால் மவுண்ட் கட்டளை வெகுகாலம் பின்தங்கியே இருந்தது. பைண்டையும் ஆர்ஓவையும் ஒரே கட்டளையில் கொடுத்தால், முதல் முறை ஆர்ஓ ஏறாது. அந்தக் கட்டளை வரும் யூட்டில்-லினக்ஸ் தொகுப்பின் 2.27இல்தான் இது சரியானது. சென்ட்ஓஎஸ் 7 லினக்ஸில் இருப்பது 2.23. அதன் ஆதரவு 2024 ஜூனோடு முடிந்துவிட்டது என்று சொன்னால் தோட்டத்து சர்வர் கேட்கப்போகிறதா? ஆகவே அங்கெல்லாம் இரண்டு படி: முதலில் பைண்ட், பிறகு ரீமவுண்ட், பைண்ட், ஆர்ஓ மூன்றும் சேர்த்து இன்னொரு தடவை.

அந்த இரண்டாம் படியில் ‘பைண்ட்’ விடுபட்டால் அந்த ஒரு ஃபோல்டரோடு நிற்காது. அது இருக்கும் ஃபைல் சிஸ்டம் முழுவதுமே ஆர்ஓ ஆகிவிடும். பகலில் செய்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். யாராவது ஒரு கோப்பை எழுதத் திறந்து வைத்திருந்தால் கெர்னல் ‘பிஸி’ என்று மறுத்துவிடும். ஆபீஸ் மூடிய பிறகு, அமைதியாகச் செய்யலாமே என்று இரவில் செய்பவர்தான் மாட்டுவார். காலையில் குலை ஏற்றிய லோரிகள் எடைப்பாலத்தில் வரிசை கட்டி நிற்கும், பதிவு ஏறாது.

உள்ளே இன்னொரு டிஸ்க்

ஃபோல்டருக்குள் இன்னொரு டிஸ்க் மவுண்ட் ஆகியிருந்தால், ஆர்பைண்ட் (உள்மவுண்ட்டுகளையும் சேர்த்த பைண்ட்) போட்டு மேலே மட்டும் ஆர்ஓ ஆக்கினால் உள்டிஸ்க் எழுதும் நிலையிலேயே இருக்கும். முழுவதற்கும் ஒரே அடியாகப் போடும் வசதி கெர்னல் 5.12இல்தான் வந்தது. பழையதில் ஒவ்வொன்றாகத்தான்.

777

வேண்டாம். அன்பிரிவிலேஜ்டு கன்டெய்னரில் கோப்புகள் எல்லாம் ‘நோபடி’ என்று தெரிவதைப் பார்த்துத்தான் பலர் இதில் இறங்குகிறார்கள். கன்டெய்னரின் 1000ஆம் பயனர், வழக்கமான அமைப்பில், ஹோஸ்ட்டுக்கு 101000. அந்த எண்ணுக்கு ஏசிஎல் (பயனர்வாரியான அனுமதிப் பட்டியல்) மூலம் வாசிக்கும் அனுமதி கொடுத்தால் வேலை முடிந்தது.

டாக்கர் சாக்கெட்டை ஆர்ஓவாகக் கொடுப்பது

பயனில்லை. அது டாக்கருக்குக் கட்டளை போகும் வாசல்; ஆர்ஓ மவுண்ட் சாக்கெட்டோடு பேசுவதைத் தடுக்காது.

வாசிப்பதில் ஆபத்தில்லை என்று நினைப்பது

‘எழுத முடியாதல்லவா’ என்று முழு ஃபோல்டரையும் எல்லா கெஸ்ட்டுக்கும் திறந்துவிடுகிறார்கள். அடையாள அட்டை நகலும் சம்பளச் சீட்டும் இணையத்தைப் பார்த்திருக்கும் கெஸ்ட்டுக்கு எதற்கு? கம்பெனிகளுக்குத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 என்று ஒன்று இருக்கிறது. தேவையான துணை ஃபோல்டரை மட்டும் கொடுங்கள். என்எஃப்எஸ் (நெட்வொர்க் கோப்புப் பகிர்வு) வழியாகக் கொடுப்பவர்கள் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் முகவரிக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவே இடைவெளி விட்டுவிடாதீர்கள். விட்டால், அடைப்புக்குறிக்குள் இருக்கும் அனுமதி அந்த முகவரிக்கு அல்ல, எல்லாருக்கும் போய்விடும்.

டிஸ்க் ஏறும் முன்னே கெஸ்ட் எழும்புவது

பேராக்கில் மத்தியான இடி மழைக்குக் கரண்ட் போவது தெரிந்த கதை. ஹோஸ்ட் திரும்ப எழும்பும்போது யூஎஸ்பி டிஸ்க் தாமதமாக ஏறினால், கன்டெய்னர் அதற்கு முன்பே வெறும் ஃபோல்டரைப் பிடித்துக்கொள்ளும். பிறகு டிஸ்க் ஏறினாலும் பெரும்பாலும் உள்ளே தெரியாது. ‘கோப்பெல்லாம் காணோம் அண்ணே’ என்று போன் வரும். சர்வீஸ்களைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டியில் அந்த மவுண்ட்டுக்காகக் காத்திருக்கும்படி ‘ரிகொயர்ஸ் மவுண்ட்ஸ் ஃபார்’ வரியை கெஸ்ட்டின் சர்வீஸில் சேர்த்துவிடுங்கள்.

பேக்கப்

பிராக்ஸ்மாக்ஸ் கன்டெய்னரை பேக்கப் எடுக்கும்போது பைண்ட் மவுண்ட்டுகளைச் சேர்க்காது. ஹோஸ்ட்டில் தனியாக எடுக்க வேண்டும். அதுவும் அதே யூஎஸ்பி டிஸ்க்கில் வேண்டாம்.