ஓடி வந்த சூட்டில் டயர் காற்றைப் பார்க்காதீர்கள்

பைக்கில் நாலு ஊர் சுற்றிவிட்டு, அப்படியே போய்க் காற்று பார்க்கிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அப்போது காற்றழுத்தம் அளக்கும் கேஜ் காட்டுவது டயரின் உண்மையான கணக்கு இல்லை. ஓடின டயர் சூடாகும், உள்ளே இருக்கும் காற்றும் சூடேறி 3, 4 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அலகு) கூடுதலாகக் காட்டும். நானும் ஒருமுறை நீண்ட பயணத்தின் நடுவே 37 காட்டுகிறதே என்று பதறி 33-க்கு இறக்கினேன். மறுநாள் காலையில் அதே டயரில் 29தான் இருந்தது.

அதனால் வண்டி குறைந்தது 3 மணி நேரம் நின்ற பிறகு பாருங்கள், காலையில் கிளம்பும் முன் பார்ப்பது இன்னும் நல்லது. சொந்தமாக ஒரு கேஜ் வைத்துக்கொள்ளுங்கள், எப்போதும் அதிலேயே பாருங்கள். எவ்வளவு காற்று என்பது செயின் கவரிலோ, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலோ ஒட்டியிருக்கும், வண்டியோடு வந்த கையேட்டிலும் இருக்கும். டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள். அது முழுப் பாரத்துக்கான உச்ச வரம்பு. பின்னால் ஆள் ஏறினால் பின் டயருக்குத் தனி எண் போட்டிருப்பார்கள், அதைப் பெரும்பாலோர் கண்டுகொள்வதே இல்லை.

சரி, காற்று குறைந்தால் என்ன ஆகும்? டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி நிமிரும், அதில்தான் சூடு பிறக்கும், சூடானால் ரப்பர் சீக்கிரம் கரையும், அதுவும் நடுவைவிட இரண்டு ஓரங்களிலும் அதிகமாக. ஹேண்டில் கனமாகத் தெரியும், வளைவில் வண்டி மெத்தைமேல் போவதுபோல் அசையும். ஈரச் சாலையில் தண்ணீரை வெளியேற்ற வேண்டிய பள்ளங்கள் நெருங்கிக்கொள்வதால் வழுக்கும். டியூப் டயராக இருந்தால் வால்வைக் குனிந்து பாருங்கள்: நேராக நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், டயர் ரிம்மில் நகர்ந்து டியூபையும் இழுத்திருக்கிறது என்று அர்த்தம். அப்படியே விட்டால் வால்வின் அடி கிழியும்.

‘காற்று குறைத்தால் கிரிப் கூடும்’ என்பார்கள். மணலிலும் சேற்றிலும் அது சரி. ரேஸ் தடத்திலும் குறைத்து வைப்பார்கள்தான், ஆனால் அங்கே டயர் கொதிக்கிற சூட்டில் அழுத்தம் தானாக ஏறிவிடும். சாதாரண சாலையில் அந்தச் சூடு வராது.

கூடுதலாக அடித்தால் கதை வேறு. டயரின் நடுவில் ஒரு குறுகிய பட்டைதான் தரையைத் தொடும், அது மட்டும் தேய்ந்து தட்டையாகும். உருண்டையாக இருக்க வேண்டிய டயர் சதுரமான பிறகு வளைவில் சாய்த்துப் பாருங்கள், ஒரு விளிம்பைத் தாண்டி விழுவதுபோல் இருக்கும். சின்ன கல்லுக்கும் வண்டி துள்ளும், துள்ளுகிற நொடியில் பிடிமானம் கிடையாது.

ஆனால் நடு தேய்ந்திருக்கிறதே என்று உடனே காற்றை இறக்கிவிடாதீர்கள்! நேர்ச்சாலையிலேயே ஓடும் வண்டிக்குச் சரியான காற்றிலும் பின் டயரின் நடுதான் முதலில் மொட்டையாகும். முதலில் உங்கள் பாதையை யோசியுங்கள், அப்புறம் காலையில் கேஜ் காட்டும் கணக்கைப் பாருங்கள்.

பஞ்சர் இல்லாமலே மாதத்துக்கு 1, 2 பிஎஸ்ஐ இறங்குவது சகஜம், குளிர் தொடங்கினால் இன்னும் கொஞ்சம் இறங்கும். வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். வழக்கமான அந்த அளவுக்கு மேல் காற்று இறங்கினால் வால்வு வாயில் ஒரு சொட்டு எச்சில் வையுங்கள். குமிழி வந்தால் உள்ளே இருக்கும் வால்வு ஊசியை மாற்ற வேண்டும், வராவிட்டால் டயரைத் தண்ணீரில் நனைத்துத் தேடுங்கள். மூடியை மறக்காமல் போடுங்கள், வால்வுக்குள் தூசி போகாமல் காப்பது அதுதான்.